மத்மோசெல் பொக்கேயின் லூட் முன்னிசையைப் பயிலும் முறை

எழுத்தாளர் மத்லேன் த ஸ்குதேரி 1650களில் பாரிஸின் மரே பகுதியில் சனிக்கிழமைதோறும் கூட்டிய இலக்கிய அவையைச் சேர்ந்தவர்களுள் ஒருவர், லூட் என்னும் தந்தி இசைக்கருவியின் கலைஞரும் இசையமைப்பாளருமான மத்மோசெல் (செல்வி) பொக்கே. அவர் பெயரில் நமக்குக் கிடைத்துள்ள படைப்புகளில் ப்ரெலூத் எனப்படும் முன்னிசைகள் தனிக் கவனத்துக்கு உரியவை. லூட்டில் ஓரளவு பழகியவர்கள் அவற்றுள் ஒன்றை எப்படி அணுகலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் படைப்பைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பாலும் 'பொக்கே' என்ற குடும்பப் பெயர் மட்டுமே இருப்பதால், அவருக்கு ஒரு தலைமுறை முன்பு வாழ்ந்த ஷார்ல் பொக்கேயின் படைப்புகளோடு குழப்பம் நேர்கிறது. 1972-இல் வெளிவந்த பதிப்பே 'பொக்கேக்களின் படைப்புகள்' என்று பன்மையில்தான் தலைப்பிடப்பட்டது. தந்திகளின் சுருதியமைப்பு இங்கே நல்ல துப்பு. ஷார்ல் காலத்துப் பழைய மறுமலர்ச்சிக்கால அமைப்பில் எழுதப்பட்டவற்றை ஒதுக்கிவிட்டு, டி மைனர் அமைப்பில் உள்ளவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஏற்ற கருவி பதினொரு வரிசை லூட். வரிசை என்பது சேர்த்து மீட்டப்படும் தந்தி இணை அல்லது ஒற்றைத் தந்தி. முதல் இரண்டு வரிசைகளில் ஒற்றைத் தந்தியும் மற்றவற்றில் இரட்டைத் தந்திகளுமாக அதில் மொத்தம் 20 தந்திகள் உண்டு. மேலிருந்து ஆறு வரிசைகளை எஃப், டி, ஏ, எஃப், டி, ஏ என்று சேர்த்தால், விரல் வைக்காமல் மீட்டும்போதே டி மைனர் சுரக்கூட்டு ஒலிக்கும். கீழ் ஐந்து வரிசைகள் ஜி, எஃப், இ, டி, சி என இறங்கும். அவற்றைப் படைப்பின் சுரத்தானத்துக்கு, அதாவது அது ஆதாரமாகக் கொண்ட சுரவரிசைக்கு ஏற்ப அரைச்சுரம் மாற்ற வேண்டியிருக்கலாம்.

பிரெஞ்சு எழுத்துக் குறிமுறையில் ஆறு கோடுகள் இருக்கும். மேல்கோடு முதல் வரிசையைக் குறிக்கும். 'a' என்றால் வெறுந்தந்தி, 'b' என்றால் முதல் மெட்டு. எழுத்தின் கீழ் ஒரு புள்ளி இருந்தால் ஆள்காட்டி விரலாலும், இரு புள்ளிகள் இருந்தால் நடுவிரலாலும் மீட்ட வேண்டும்.

கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது. இவ்வகை முன்னிசையில் எழுத்துகள் வரிசையாக நிற்குமே தவிர, எந்தச் சுரம் எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்ற குறி அநேகமாக இருக்காது. பலர் எல்லாச் சுரங்களையும் ஒரே அளவில் வாசித்துவிடுகிறார்கள். அப்போது அது விரல் பயிற்சியாகச் சுருங்கிவிடுகிறது. அதற்குப் பதிலாக, கட்டைவிரல் மீட்டும் அடிநாதங்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு, மேற்சுரங்களை விட்டுவிட்டு அவற்றை மெதுவாக வாசியுங்கள். இசை எங்கே நகர்கிறது, எங்கே தங்குகிறது, எங்கே முடிவை நாடுகிறது என்பது காதில் பதியும் வரை இதைப் பல நாள் தொடர வேண்டும். பிறகு மேற்சுரங்களைச் சேர்க்கும்போது, ஒவ்வோர் அடிநாதமும் அடுத்தது வரும்வரை ஒலிக்கும்படி இடக்கை விரல்களை இயன்றவரை எடுக்காமல் வைத்திருங்கள், ஏனெனில் ஒன்றன் மேல் ஒன்றாகப் படியும் இந்த ஒலியில்தான் பிரெஞ்சு லூட்டின் உயிர் இருக்கிறது. மற்றவற்றோடு இசையாமல் உரசும் முரண்சுரத்தில் சற்றே தயங்கி, அது தீரும் இடத்தில் ஒலியைத் தணியுங்கள். நம் ஆலாபனையை நினைவூட்டினாலும், இங்கே புதிதாகச் சுரம் சேர்க்கும் சுதந்திரத்தைவிட, எழுதப்பட்ட சுரங்களுக்குக் காலம் வகுக்கும் சுதந்திரமே முதன்மையானது.

வலக்கைச் சுண்டுவிரலை மேற்பலகையில், குதிரைக்கு அருகே ஊன்றி, நகம் படாமல் விரல்நுனியால் மீட்டுங்கள். அரங்கை நிரப்பும் ஒலி இதற்குத் தேவையில்லை. ஓர் அறையில், எட்டும் தூரத்தில் அமர்ந்திருப்பவர்களுக்குக் கேட்டால் போதும்.

முன்னிசையின் பணி தந்திகளின் சுருதியைச் சோதித்து, சுரத்தானத்தைக் காதுக்கு அறிமுகம் செய்வது. ஆகவே கடைசிச் சுரம் அடங்கியதும் கையை எடுத்துவிடாமல், அதே சுரத்தானத்தில் அமைந்த அலெமாந்து என்னும் நடன இசை ஒன்றைத் தொடர்ந்து வாசியுங்கள்.