இஷிதே-ஜி: முத்திரைக்கு முந்தாதீர்கள்

ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 பௌத்தக் கோயில்களைச் சுற்றி வரும் யாத்திரை சுமார் 1,200 கிலோமீட்டர். அதில் 51ஆவது கோயில், மட்சுயாமா நகரிலுள்ள இஷிதே-ஜி. 1318இல் கட்டிய அதன் நியோ (காவல் தெய்வங்கள்) வாயில் தேசியப் பொக்கிஷம். வாயிலில் ஒரு நிமிடம் நின்று, தலை வணங்கிவிட்டு உள்ளே போங்கள். கைபேசியைத் தூக்கிக்கொண்டே நுழைவதுதான் முதல் தவறு.

அடுத்தது, நேரே, யாத்திரிகர் நோட்டில் முத்திரை பதிக்கும் அலுவலகத்துக்கு ஓடுவது. அந்த முத்திரைக்குப் பெயர் ‘நோக்யோ’. சூத்திரத்தைச் சமர்ப்பித்தல் என்று பொருள். பிரதான மண்டபம், பிறகு இந்த யாத்திரையோடு பிணைந்த பௌத்தத் துறவி கோபோ தைஷியின் மண்டபம், இரண்டிலும் வழிபட்ட பிறகே நோட்டை நீட்ட வேண்டும். தூரிகையால் எழுதிச் சிவப்பு முத்திரைகள் பதித்துத் தருவார்கள். மை காயுமுன் மூடினால் எதிர்ப்பக்கமும் கறைதான். இடையில் ஒரு தாளை வையுங்கள். பழைய கையேடுகளை நம்பிக் காலை 7 மணிக்கு 300 யென்னோடு நிற்காதீர்கள். 2024 ஏப்ரல் முதல் 500 யென். நேரம் 8 முதல் 5 வரை. சில்லறை கையில் இருக்கட்டும்.

நம் ஆட்கள் தெரியாமல் செய்வது ஒன்று உண்டு. கோயிலில் பக்கத்து அகலிலிருந்து விளக்கேற்றிப் பழகிய கை, அங்கேயும் அடுத்தவர் மெழுகுவர்த்தியை நோக்கித்தான் போகும். அவருடைய கர்மவினையும் சேர்ந்து வந்துவிடும் என்பது அங்குள்ள நம்பிக்கை. சொந்தமாக லைட்டர் கொண்டுபோங்கள். ஊதுபத்தி மூன்றையும் சட்டியின் நடுவில் நடுங்கள். ஓரத்தில் நட்டால் பின்னால் வருபவர் கை சுடும்.

மணியை வழிபாட்டுக்கு முன்பே அடித்துவிடுங்கள். திரும்பும்போது அடிப்பது அபசகுனமாம். கைதட்டி வணங்குவது ஷின்டோ கோயில் வழக்கம்; இங்கே கூப்பினால் போதும்.

வழியில் முன்பின் தெரியாத ஒரு பாட்டி ஆரஞ்சுப் பழத்தை நீட்டினால், கூச்சப்பட்டு “வேண்டாம்” என்று சொல்லிவிடாதீர்கள். அது ‘ஒசெத்தாய்’, யாத்திரிகருக்குச் செய்யும் தானம். வாங்கிக்கொண்டு உங்கள் பெயர்ச்சீட்டு ஒன்றைக் கொடுப்பது மரபு. இந்தக் கோயிலின் கதையே தானம் மறுத்ததில்தான் தொடங்குகிறது. எமோன் சாபுரோ என்ற செல்வந்தன், பிச்சை கேட்டு வந்த கோபோ தைஷியின் திருவோட்டைத் தட்டிவிட்டான். எட்டுப் பிள்ளைகளும் இறந்தார்கள். மன்னிப்புக் கேட்கத் தீவை 20 முறை சுற்றினான். 21ஆம் முறை எதிர்த்திசையில் நடந்து, சாகும் தறுவாயில் அவரைக் கண்டான். பின்னர் ஒரு குழந்தை, அவன் பெயர் பொறித்த கல்லை இறுக்கிய கையோடு பிறந்ததாம். இஷிதே என்றால் கல்-கை.