நீண்ட பயணத்தில் கூடுதல் எரிபொருள்: முதல்முறை கேன் எடுத்துச் செல்பவர்களுக்கு

டிசம்பர் விடுமுறை நெருங்கிவிட்டால், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் வீடுகளில் வண்டி கட்டும் வேலை தொடங்கிவிடும். அப்போது என்னிடம் தவறாமல் வரும் கேள்வி: "அண்ணா, ஒரு கேன் பெட்ரோல் எடுத்துக்கொள்ளலாமா?"

ஜொஹானஸ்பர்க் போகிறவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். என்3 நெடுஞ்சாலையில் பெட்ரோல் நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. தேவையில்லாமல் கேன் ஏற்றுவது மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு போவதுதான். சீரிஸ், கல்வினியா ஊர்களுக்கு இடையிலான ஆர்355 போன்ற சரளைச் சாலைகள் வேறு. அங்கே ஏறக்குறைய 250 கிலோமீட்டருக்கு நடுவில் ஓர் ஊர்கூடக் கிடையாது. அதை ஒட்டியுள்ள டாங்க்வா கரூ தேசியப் பூங்காவுக்குள்ளும் எரிபொருள் கிடைக்காது.

முதலில் கணக்குப் போடுங்கள். தார்ச்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் பிக்அப் வண்டி, சரளையிலும் மணலிலும் 15 லிட்டர் கேட்கும். பூங்காவில் சுற்றித் திரும்ப 500 கிலோமீட்டர் ஆகும் என்றால் 75 லிட்டர். வழி தவறினால், சாலை மூடியிருந்தால் என்று அதில் கால் பங்கு சேர்த்தால் 94 லிட்டர். உங்கள் டாங்க் 80 லிட்டர் பிடித்தால், பற்றாக்குறை 14 லிட்டர். ஒரே ஒரு 20 லிட்டர் கேன் போதும். அண்டை வீட்டார் மூன்று எடுத்தார்கள் என்பதற்காக நீங்களும் மூன்று எடுக்காதீர்கள்.

அடுத்தது கேன். எரிபொருளுக்கென்றே செய்த, ரப்பர் வளையமும் பூட்டு மூடியும் உள்ள இரும்பு ஜெரி கேன் வாங்குங்கள். தண்ணீர் கேன், பாரஃபின் (மண்ணெண்ணெய்) கேன் எதுவும் உதவாது. என் சித்தப்பா மகன் ஒருமுறை பாரஃபின் கேனில் பெட்ரோல் நிரப்பி, காரின் டிக்கியில் பிரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். கடல்மட்டத்தில் கிளம்பிய வண்டி 1,600 மீட்டருக்கு மேல் உயரமுள்ள வான் ரீனன் கணவாயை ஏறியதும், வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து கேன் பலூன்போல் உப்பி, மூடி வழியாகக் கசிந்தது. பின்இருக்கையில் இருந்த குழந்தைகள் இருவரும் தலைவலியில் வாந்தி எடுத்தார்கள். ஒரு தீப்பொறி போதுமே என்று நினைத்தால் இன்றும் எனக்கு உடல் நடுங்குகிறது.

கேன் மீது பெட்ரோலா டீசலா என்று பெரிதாக எழுதிவிடுங்கள்.

நிரப்பும்போதுதான் பலர் தவறு செய்கிறார்கள். கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். பிக்அப்பின் பிளாஸ்டிக் விரிப்பின் மீது வைத்தே நிரப்பினால், எரிபொருள் பாயும்போது உண்டாகும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் தேங்கும். அது பொறியாகத் தெறிக்கலாம். இங்கே நிலைய ஊழியர்தான் நிரப்புவார் என்பதால், பம்பின் இரும்பு முனை கேனின் வாயைத் தொட்டபடியே, மெதுவாக நிரப்பச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். 19 லிட்டரில் நிறுத்திவிடுங்கள். காலை 15 டிகிரியில் நிரப்பிய 20 லிட்டர் பெட்ரோல், பிற்பகல் வெயிலில் 45 டிகிரிக்குச் சூடானால் அரை லிட்டருக்கு மேல் விரியும். அதற்கு இடம் வேண்டும்.

நிரப்பிய கேன் 20 கிலோ வரை எடை இருக்கும். பிக்அப்பின் திறந்த பின்தட்டில், ஓட்டுநர் அறையின் சுவரை ஒட்டி, நிமிர்த்தி, பட்டையால் இறுகக் கட்டுங்கள். வண்டியின் பின்முனையில் மாட்டாதீர்கள். யாராவது பின்னால் மோதினால் முதலில் நசுங்குவது அதுதான். சமையல் அடுப்பும் கேஸ் சிலிண்டரும் அதன் அருகே வரக்கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தளத்திலேயே தேங்கும். ஆகவே, ஆட்கள் அமரும் இடத்திலும் மூடிய டிக்கியிலும் கேன் வைக்கவே கூடாது. உங்களிடம் இருப்பது சிறிய கார் என்றால், கேனை மறந்துவிட்டு, எரிபொருள் கிடைக்கும் ஊர்களை வைத்து வழியை மாற்றுங்கள்.

வழியில் டாங்க் காலியாகும்வரை காத்திருக்க வேண்டாம். 20 லிட்டர் கொள்ளும் அளவுக்கு இடம் வந்தவுடனே ஊற்றிவிடுங்கள். எஞ்சினை அணைத்து, சற்று ஆறவிட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு மூடியை மெல்லத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள். பிறகு வலை வைத்த புனல் வழியாக ஊற்றுங்கள். குழாயை வாயால் உறிஞ்சி எடுப்பது வேண்டவே வேண்டாம். பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

காலியான கேனையும் இறுக மூடிக் கட்டுங்கள். உள்ளே தங்கியிருக்கும் ஆவி தீப்பற்றக்கூடியது. பயணத்தில் ஊற்ற வேண்டிய தேவையே வரவில்லை என்றால், வீட்டுக்கு வந்த அன்றே அந்தப் பெட்ரோலை வண்டியின் டாங்க்கில் ஊற்றிவிடுங்கள். கராஜில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் அது ஓர் இரவுகூட இருக்க வேண்டாம்.