பழைய பில், ரசீதுகளைக் கழிப்பது எப்படி?

முதலில் கழிக்கக் கூடாதவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள்: கிரயப் பத்திரம், மூலப் பத்திரம், பட்டா, கடன் அடைத்த சான்று. பல வருடம் கழித்தும் பாக்கி இருப்பதாக வங்கிப் பதிவு காட்டினால், அந்தச் சான்றுதான் கைகொடுக்கும். வீடு, நகை வாங்கிய ஆதாரம் விற்கும்வரை இருக்கட்டும். மூலதன ஆதாய வரியை, அதாவது விற்ற லாபத்துக்கான வரியைக் கணக்கிட வாங்கிய விலை தேவை. வருமான வரிக் காகிதங்களை 8 ஆண்டு வைத்தால் போதும்.

ஏடிஎம் சீட்டு, பணம் கட்டி முடித்த பழைய கரண்ட் பில் எல்லாம் போகலாம். கடை மெஷினில் வரும் வழவழப்பான ரசீது சீக்கிரம் வெளுத்துவிடும்; வாரண்டி உள்ளதை உடனே ஜெராக்ஸ் எடுங்கள்.

எதையும் அப்படியே பழைய பேப்பர் கடையில் போடாதீர்கள். பான், ஆதார் நகல், மீந்த காசோலைகளைக் கிழித்து, ஓர் இரவு வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாகப் பிசையுங்கள். லேமினேட் செய்தது ஊறாது. எண்களின் குறுக்கே கத்தரியுங்கள்.