ஓடிடி சந்தாவுக்கு உங்கள் கிரெடிட் கார்டையே பணம் கட்ட வைப்பது எப்படி?

எங்கள் வீட்டில் ஓடிடிக்கு மட்டும் ஆண்டுக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு தீபாவளிக்கு முன்னால்தான் முதன்முதலாகக் கூட்டிப் பார்த்தேன். மாதம் 149, மாதம் 499 என்று சில்லறை சில்லறையாகப் போவதால் கண்ணில் படவே இல்லை. கூட்டினால் ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. இன்று அதில் பெரும்பகுதி கார்டுச் சலுகையிலேயே கழிந்துவிடுகிறது. இதற்காகப் புதிதாக எந்தக் கார்டும் வாங்கவில்லை. கையில் இருந்ததைச் சரியாகப் பயன்படுத்தினேன், அவ்வளவுதான். கார்டு வைத்திருந்தும் சலுகைப் பக்கமே போகாதவர்களுக்காக அந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. மாதாமாதம் கார்டு பில்லை முழுசாகக் கட்டுபவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். பாக்கி வைத்தால் பெரும்பாலான கார்டுகளில் மாத வட்டி 3.5 சதவீதமோ அதற்கு மேலோ வரும். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 40 சதவீதத்துக்கு மேல், அதன் தலையில் ஜிஎஸ்டி வேறு. 5 சதவீத கேஷ்பேக் அந்த வட்டிக்கு முன்னால் நிற்காது. பில்லில் ‘மினிமம் டியூ’ என்று ஒரு சின்னத் தொகை போட்டிருப்பார்கள். அதை மட்டும் கட்டும் பழக்கம் இருந்தால், முதலில் அந்தப் பாக்கியை அடைத்துவிடுங்கள். சலுகை எங்கேயும் ஓடிவிடாது.

படி 1: என்னென்ன கட்டுகிறோம் என்று எழுதுங்கள்

கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்டை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். ஆண்டுச் சந்தா மூன்று மாதத்துக்குள் சிக்காது. அதற்கு மெயிலில் ‘ரினியூவல்’ என்று தேடுங்கள். போனில் ஆப் ஸ்டோர் வழியாக ஓடும் சந்தாக்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது, அதையும் திறந்து பாருங்கள்.

எங்கள் பட்டியல் இப்படி இருந்தது. நெட்ஃப்ளிக்ஸ் ஸ்டாண்டர்ட் திட்டம் மாதம் 499 (2021 டிசம்பரில் விலையைக் குறைத்தபோது வந்த தொகை), ஆண்டுக்கு 5,988. அமேசான் பிரைம் ஆண்டுக்கு 1,499. யூடியூப் பிரீமியம் மாதம் 149, ஆண்டுக்கு 1,788. மொத்தம் 9,275 ரூபாய்.

இவை போக ஜியோஹாட்ஸ்டாருக்கும் தனியாகக் கட்டிக்கொண்டிருந்தோம். மொபைல் ரீசார்ஜோடு அதே சந்தா இலவசமாக வந்துகொண்டிருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது! ஜியோ, ஏர்டெல், வி மூன்றிலும் ஓடிடி சேர்ந்த ரீசார்ஜ் திட்டங்கள் இருக்கின்றன. பிராட்பேண்டிலும் அப்படித்தான். உங்கள் நிறுவனத்தின் ஆப்பைத் திறந்து, நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். கார்டுச் சலுகைக்குப் போகும் முன்பே ஒரு சந்தா குறையலாம்.

படி 2: உங்கள் கார்டு என்ன தருகிறது?

சலுகை மூன்று உருவத்தில் வரும். சந்தாவையே நேரடியாகக் கொடுப்பது ஒன்று. செலவில் ஒரு பங்கைப் பணமாகத் திருப்பும் கேஷ்பேக் இன்னொன்று. மூன்றாவது ரிவார்டு பாயின்ட், அதாவது செலவுக்கேற்பச் சேரும் புள்ளிகள். அவற்றைப் பிறகு பணமாகவோ வவுச்சராகவோ மாற்றிக்கொள்ளலாம்.

நேரடிச் சந்தா பெரும்பாலும் விலை கூடிய கார்டுகளில், கார்டு வாங்கியதும் தரும் வரவேற்புப் பரிசாகவோ, இத்தனை நாளில் இவ்வளவு செலவு செய்தால் கிடைப்பதாகவோ இருக்கும். அது தானாக வந்து சேராது. எஸ்எம்எஸ்ஸிலோ மெயிலிலோ ஒரு லிங்க் வரும், அதற்குக் கெடுவும் உண்டு. எனக்கு ஒரு வங்கி அனுப்பிய லிங்க்கை விளம்பரம் என்று நினைத்து விட்டுவிட்டேன். 60 நாள் கழித்துத் திறந்தபோது காலாவதி ஆகியிருந்தது. கஸ்டமர் கேரில் பேசியும் பயனில்லை. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் மதிப்புள்ள சந்தா அது, இன்றைக்கும் மனசு ஆறவில்லை. அதனால் கார்டு கைக்கு வந்த வாரமே சலுகைப் பக்கத்தைப் படித்து, எந்தத் தேதிக்குள் எதைச் செய்ய வேண்டும் என்று குறித்துவிடுங்கள்.

கேஷ்பேக்கில் சதவீதத்தோடு, எந்தக் கடைக்கு, மாதம் எவ்வளவு வரைக்கும் என்ற இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எச்டிஎஃப்சி மில்லேனியா கார்டின் 5 சதவீதப் பட்டியலில் சோனி லிவ் பெயர் இருக்கிறது, நெட்ஃப்ளிக்ஸ் இல்லை. ஏர்டெல் ஆக்சிஸ் கார்டு ஏர்டெல் பில்லுக்கு 25 சதவீதம் என்று அறிமுகமானது. அதற்கு மாத வரம்பு உண்டு, பில்லை ஏர்டெல் ஆப்புக்குள்ளேயே கட்டவும் வேண்டும். ஓடிடி சேர்ந்த ஏர்டெல் பிராட்பேண்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்த மாதிரிக் கார்டு மறைமுகமாக ஓடிடி செலவையே குறைக்கிறது. ‘ஓடிடி சலுகை’ என்று தேடினால் இப்படிப்பட்ட வழி கண்ணில் படாது.

பாயின்ட் என்றால் முதலில் ஒரு பாயின்டின் மதிப்பைக் கண்டுபிடியுங்கள். சாதாரணக் கார்டுகள் பலவற்றில் அது 20 முதல் 25 காசுதான். 4,000 பாயின்ட் என்று பார்க்கும்போது பெரிதாகத் தெரியும். 25 காசு வீதம் அது 1,000 ரூபாய்.

படி 3: கட்டணத்தைக் கழித்துப் பாருங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான். ஆண்டுக் கட்டணம் 999 ரூபாய், ஆன்லைன் செலவுக்கு 5 சதவீத கேஷ்பேக் என்று ஒரு கார்டை எடுத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் கட்டணம் 1,179 ரூபாய். என் 9,275 ரூபாய் சந்தா முழுவதையும் அதில் கட்டினாலும் திரும்ப வருவது 464 ரூபாய். ஓடிடிக்காக மட்டும் இந்தக் கார்டை வாங்கினால் ஆண்டுக்கு 700 ரூபாய்க்கு மேல் நஷ்டம்.

அதே கார்டில் மற்ற ஆன்லைன் செலவையும் போடுகிறோம் என்று வையுங்கள். ஆண்டுக்குச் சுமார் 23,600 ரூபாய் செலவானால் கட்டணம் திரும்பிவிடும். அதற்கு மேல் வருவதெல்லாம் ஓடிடி கணக்கில் போகும். மாதம் 8,000 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 4,800 ரூபாய் கேஷ்பேக். கட்டணம் போக 3,600 ரூபாய் நிற்கும். இதற்காக வழக்கத்தை விட ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்கக் கூடாது, எப்படியும் வாங்கும் மளிகையும் சோப்பும்தான் கணக்கு.

அமேசான் பே ஐசிஐசிஐ கார்டுக்கு ஆண்டுக் கட்டணமே இல்லை. அமேசானில் பொருள் வாங்கினால் பிரைம் சந்தாதாரருக்கு 5 சதவீதம், மற்றவருக்கு 3 சதவீதம். பிரைம் இருப்பதால் கிடைக்கும் கூடுதல் 2 சதவீதம் மட்டுமே. அந்த 2 சதவீதத்தைக் கொண்டே 1,499 ரூபாயை எடுக்க ஆண்டுக்குச் சுமார் 75,000 ரூபாய்க்கு அமேசானில் வாங்க வேண்டும். அவ்வளவு வாங்காத வீட்டில் ‘பிரைம் இலவசம்தான்’ என்ற கணக்கு உதைக்கும். படம் பார்க்கவும் சீக்கிரம் டெலிவரி வாங்கவும் பிரைம் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம். கேஷ்பேக் அதில் ஒரு பகுதியைத் தாங்கும் என்பதோடு கணக்கை நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 4: எந்த வழியாகக் கட்டுகிறீர்கள்?

பலருக்குச் சலுகை கிடைக்காமல் போவது இங்கேதான். போனில் ஆப்பைத் திறந்து அப்படியே சந்தா கட்டினால், பல நேரங்களில் பணம் ஆப்பிளுக்கோ கூகுளுக்கோ போகிறது. ஸ்டேட்மென்டில் அவர்கள் பெயர்தான் வரும். ஓடிடி நிறுவனத்தின் பெயருக்கு வைத்திருக்கும் கேஷ்பேக் அதனால் கிடைக்காது. பிரவுசரில் அந்த நிறுவனத்தின் இணையதளத்துக்கே போய்க் கட்டுங்கள். ஏற்கெனவே ஸ்டோர் வழியாக ஓடிக்கொண்டிருந்தால் அங்கே ரத்து செய்து, கட்டிய காலம் முடிந்ததும் இணையதளத்தில் புதிதாகத் தொடங்குங்கள். ஸ்டோரில் ரத்து செய்யாமல் இங்கே தொடங்கினால் இரண்டு இடத்திலும் பணம் போகும்.

இன்னொன்று, வெளியே தெரியாதது. ஒவ்வொரு வணிகருக்கும் கார்டு உலகில் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. சுருக்கமாக எம்சிசி என்பார்கள். கேபிள், சாட்டிலைட் முதலிய கட்டணத் தொலைக்காட்சிக்கு 4899. ஓடிடி சந்தா இந்தக் குறியீட்டில் விழுந்தால், வங்கி அதைக் கேபிள் பில்லாகவே பார்க்கும். ‘யுட்டிலிட்டி (மின்சாரம், தண்ணீர் போன்ற பில்கள்), டெலிகாம் செலவுக்குக் கேஷ்பேக் இல்லை’ என்று விதியில் ஒரு வரி இருந்தால் உங்கள் படச் சந்தாவும் அதில் மாட்டிக்கொள்ளும். எச்டிஎஃப்சி வங்கி 2024 செப்டம்பர் 1 முதல் டெலிகாம், கேபிள் செலவுக்கான பாயின்டை மாதம் 2,000 என்று வரம்பு கட்டியது. கார்டு விதிகளில் ‘எக்ஸ்க்ளூஷன்’ என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். சலுகை எதற்கு இல்லை என்று சொல்லும் பகுதி அது.

அதைப் படித்தும் சந்தேகமாக இருந்தால் ஆண்டுச் சந்தா போடாமல் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பாருங்கள். அடுத்த ஸ்டேட்மென்டில் கேஷ்பேக் வந்ததா என்று பார்த்துவிட்டு மேலே போகலாம். 5 சதவீத கார்டில் 199 ரூபாய் திட்டத்துக்கு 9 ரூபாய் 95 காசு வர வேண்டும், வந்திருந்தால் வழி சரி.

படி 5: ஆட்டோ டெபிட்டை உங்கள் கையில் வையுங்கள்

ஆட்டோ டெபிட் என்றால் சந்தா தேதியில் கார்டிலிருந்து பணம் தானாகவே போவது. இதற்கான ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. முதல் தடவை ஓடிபி கொடுத்து அனுமதிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். இப்போது 15,000 ரூபாய் வரை ஓடிபி இல்லாமலே போகும். அந்த முன்தகவல் எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீர்கள். வேண்டாத சந்தாவை நிறுத்த அந்த ஒரு நாள் போதும். நிறுத்துவதற்கான லிங்க்கும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

கார்டு காலாவதியாகிப் புதியது வந்தால், எல்லா ஓடிடியிலும் புதிய எண்ணைக் கொடுத்து மறுபடி அனுமதிக்க வேண்டியிருக்கும். பாதியில் நின்றுபோன சந்தாவுக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

படி 6: கிடைத்ததை ஓடிடி பக்கம் திருப்புங்கள்

கேஷ்பேக் கார்டு என்றால் பெரும்பாலும் பில்லிலேயே கழிந்துவிடும், வேலை இல்லை. பாயின்ட் என்றால் நீங்கள்தான் மாற்ற வேண்டும். பல வங்கிகள் ஒவ்வொரு முறை மாற்றுவதற்கும் 99 ரூபாயும் வரியும் வாங்குகின்றன. 500 ரூபாய் பாயின்டை மாற்ற 117 ரூபாய் கொடுப்பது வயிற்றெரிச்சல். சேர்த்துவைத்து ஆண்டுக்கு ஒரே தடவை மாற்றுங்கள், பாயின்ட் காலாவதியாகும் தேதியை மட்டும் தாண்டவிடாதீர்கள்.

வவுச்சர் பட்டியலில் உங்கள் ஓடிடியின் கிஃப்ட் கார்டு இருந்தால் அதை எடுக்கலாம். நெட்ஃப்ளிக்ஸ் கிஃப்ட் கார்டைக் கணக்கில் ஏற்றினால் அந்தத் தொகை தீரும்வரை மாதக் கட்டணம் அதிலிருந்தே கழியும். நீங்கள் பார்க்கும் தளத்தின் கார்டு இல்லையென்றால் மளிகைக்குப் பயன்படும் வவுச்சரை எடுத்து, மிச்சமாகும் பணத்தைச் சந்தாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எல்லாத் தேதிகளையும் ஒரே இடத்தில் எழுதுங்கள். எங்கள் சமையலறையில் பால் கணக்கும் சிலிண்டர் மாற்றிய தேதியும் எழுதும் மாதக் காலண்டர் ஒன்று மாட்டியிருக்கிறது. அதிலேயே சிவப்பு மையில் பிரைம் முடியும் நாள், கார்டு ஆண்டுக் கட்டணம் விழும் மாதம், பாயின்ட் காலாவதி மூன்றையும் எழுதிவைத்திருக்கிறோம். கட்டண மாதத்துக்கு முந்தைய மாதம் படி 3 கணக்கை மறுபடி போடுவேன். அந்த ஆண்டு கார்டு தந்தது கட்டணத்தை விடக் குறைவு என்றால் வங்கிக்குப் போன் செய்து கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்பேன். மறுத்தால் கார்டை மூடச் சொல்லிவிடுவேன். பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2022 விதி சொல்கிறது. மூடச் சொன்ன தேதியையும் காலண்டரில் குறித்துவையுங்கள்.