மழைநீர்க் குழிக்கு முன்னால் மண்ணைப் பாருங்கள்: வடசென்னை மனைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை விழுந்த இடத்திலேயே அதை நிறுத்தி, மெதுவாக்கி, முடிந்தவரை மண்ணுக்குள் அனுப்ப வேண்டும் என்பதில் இப்போது யாருக்கும் மறுப்பு இல்லை. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003லேயே கட்டாயமாகிவிட்டது. ஆனால் வடசென்னையில் பல வீடுகளில் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழி இருந்தும் நவம்பரில் வாசலில் தண்ணீர் நிற்கிறது. மனையைப் பார்க்காமல் குழிக்கு அளவு சொல்லிவிடுவதுதான் இதில் முதல் தவறு.

வழக்கமான அளவு ஒன்று உண்டு: 3 அடி விட்டம், 5 அடி ஆழம், உள்ளே ஜல்லி. கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை கிரவுண்ட், அதாவது 1,200 சதுர அடி மொட்டை மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 11,000 லிட்டர் தண்ணீர். அந்தக் குழியின் மொத்தக் கொள்ளளவே 1,000 லிட்டர்தான். ஜல்லி போட்டபின் நிற்பது ஏறக்குறைய 400 லிட்டர். மீதியை மண் குடித்தாக வேண்டும். திருவொற்றியூர், ராயபுரம் கடலோர மணல் குடித்துவிடும். மணலி, கொடுங்கையூர் பக்கத்துக் களிமண் குடிக்காது.

எனவே முதலில் சோதனை. குழி வரப்போகும் இடத்தில், அதன் அடி எந்த ஆழத்தில் இருக்குமோ அதுவரை சின்னதாக ஒரு பள்ளம் தோண்டி, தண்ணீர் ஊற்றி நன்றாக ஊறவிடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு ஸ்கேலை நட்டு, ஒரு மணி நேரம் பாருங்கள். அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அந்த மனைக்கு உறிஞ்சு குழி சரிவராது. பெரிய சம்ப் கட்டி மாடித் தண்ணீரைத் தேக்கிப் புழங்குங்கள். மிஞ்சுவதைச் செடிகள் உள்ள தாழ்வான பாத்தியில் கொஞ்ச நேரம் நிறுத்தி வெளியே விடலாம்.

இந்தச் சோதனையை மே மாதத்தில் மட்டும் செய்துவிட்டு நம்புவது அடுத்த தவறு. நம் ஊரில் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அப்போது நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். பக்கத்தில் பழைய கிணறு இருந்தால் டிசம்பரில் நீர் எந்த மட்டத்தில் நின்றது என்று கேளுங்கள். அதற்குக் குறைந்தது 2, 3 அடி மேலே குழியின் அடி இருக்க வேண்டும். இல்லையென்றால் மழைக்கு முன்பே குழி நிரம்பிக் கிடக்கும்.

எல்லா நீரையும் மண்ணுக்குள் விடக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கை ஒட்டிய இடங்கள், மணலி, எண்ணூர் ஆலைப் பகுதிகள், எங்கிருந்தோ வந்த இடிபாடு கொட்டி மேடாக்கிய மனைகள் ஆகியவற்றில் குழி வழியே இறங்கும் நீர், மண்ணில் உள்ள நஞ்சைக் கரைத்து நிலத்தடிக்குக் கொண்டுபோகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் வந்தது. தெருத் தண்ணீரில் எது வேண்டுமானாலும் கலந்திருக்கலாம். குழிக்கு மாடித் தண்ணீர் மட்டும் போதும், அதுவும் முதல் மழையை வெளியே விட்டபிறகு. கழிவுநீர்த் தொட்டியிலிருந்து தள்ளியே தோண்டுங்கள்.

பேவர் பிளாக் போட்டால் நீர் இறங்கிவிடும் என்று நினைக்கிறார்கள். அடியில் கான்கிரீட் போட்டு, இடுக்கில் சிமெண்ட் பூசினால் அதுவும் சிமெண்ட் தரைதான். ஜல்லி, மணல் படுக்கையில் இடுக்கு விட்டுப் பதிக்க வேண்டும்.

செடிப் பாத்திக்கு ஒதுக்கிய இடத்தில் கட்டட வேலையின்போது லாரி ஏறாமல், கலவை கொட்டாமல் கயிறு கட்டித் தடுங்கள். இறுகிய மண்ணை அப்புறம் கிளறினாலும் பழைய நிலைக்கு வருவது கஷ்டம். குழியை வேலை எல்லாம் முடிந்தபின் தோண்டுங்கள், சிமெண்ட் கழுவிய தண்ணீர் உள்ளே போய் அடைத்துவிடாமல் இருக்கும்.

குழி நிரம்பியபின் மிஞ்சும் நீரை வெளியேற்றும் மிகுநீர்க் குழாயைக் கழிவுநீர்ச் சாக்கடையில் இணைக்கவே கூடாது. மழைநீர் வடிகாலில்தான் விட வேண்டும். சாலையை உயர்த்திப் போடும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழாயின் வாய் வடிகாலின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். கீழே போய்விட்டால் வடிகால் தண்ணீர் அதே குழாய் வழியே உங்கள் குழிக்குள் வரும்.