சிக்கரி கலக்காத மலைக் காபிக்கு டிகாக்‌ஷன் போடும்போது

தாண்டிக்குடி, ஏற்காடு பக்கத்துச் சிறு தோட்டங்களில் வாங்கும் அராபிகா தூளில் சிக்கரி (கடைத்தூளில் பெரும்பாலும் கலக்கும் வறுத்த வேர்ப்பொடி) இருக்காது. கடைத்தூளுக்குப் போடுகிற அதே கணக்கில் ஃபில்டரில் போட்டால் டிகாக்‌ஷன் தண்ணீராக இறங்கிவிடும். தூள் மேல் பழி போட வேண்டாம். சிக்கரி நீரை உறிஞ்சி உப்பி, இறங்கும் வேகத்தைக் குறைக்கும். இங்கே அந்த வேலையைச் செய்ய ஆளில்லை.

அதனால் அரைவை சற்று நைசாக, ஏறக்குறைய பொடி உப்பு அளவில் இருக்கட்டும். 30 கிராம் தூளுக்கு 150 மில்லி தண்ணீர். தூளைச் சமமாகப் பரப்பி, குடைத்தட்டை (ஃபில்டரோடு வரும் காம்பு வைத்த துளைத் தட்டு) லேசாக அமுக்கி வையுங்கள். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் விடுங்கள். முதலில் 40 மில்லி மட்டும் ஊற்றித் தூளை நனைத்து, அரை நிமிடம் கழித்து மீதியை ஊற்றி மூடுங்கள்.

இறங்க 15 முதல் 20 நிமிடம் சரி. ஐந்தே நிமிடத்தில் இறங்கினால் அரைவை பெரிது. அரை மணிக்கு மேல் சொட்டினால் நைசு அதிகம், அல்லது அமுக்கியது அதிகம், கசக்கும். ஃபில்டரைத் தட்டி இறக்காதீர்கள், மண்டி வரும்.

பொட்டலத்தில் வறுத்த தேதி பாருங்கள். நேற்று வறுத்ததில் வாயு நிறைய இருக்கும், நுரைத்து நீரைத் தள்ளும். ஒரு வாரம் பொறுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈரம் ஏறும். பால் காபிக்கென்றால் நடுத்தர வறுவலுக்குச் சற்று மேலே கேளுங்கள், இளம் வறுவல் பாலில் புளிப்புத் தட்டும். டிகாக்‌ஷனை மறுபடி அடுப்பில் ஏற்றவே கூடாது, பாலைத்தான் சூடாக்க வேண்டும்.