டிஓஎச்சி எஞ்சின்: இயங்கும் விதமும் வால்வு கிளியரன்ஸ் சரிசெய்யும் முறையும்

வால்வு கவரைக் கழற்றியதும் ஹெட்டின் மேல் இரண்டு கேம்ஷாஃப்ட்கள் (வால்வுகளைத் திறக்கும் தண்டுகள், சுருக்கமாகக் கேம்) அருகருகே தெரிந்தால் அது டிஓஎச்சி, அதாவது டபுள் ஓவர்ஹெட் கேம்ஷாஃப்ட் எஞ்சின். இன்டேக் மேனிஃபோல்டு பக்கம் இருப்பது இன்டேக் வால்வுகளை மட்டும் திறக்கும். சைலன்சர் பைப் கிளம்பும் பக்கம் இருப்பது எக்ஸாஸ்ட் வால்வுகளை மட்டும் திறக்கும். வி வடிவ எஞ்சினில் ஹெட் இரண்டு என்பதால் கேம்ஷாஃப்ட் நான்கு இருக்கும். இது புதிய ஏற்பாடு அல்ல; சிலிண்டருக்கு 4 வால்வு, இரண்டு கேம் என்ற அமைப்புடன் பெஜோவின் பந்தயக் கார் 1912-லேயே பிரெஞ்சு கிராண்ட் பிரீயை வென்றுவிட்டது.

கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். அதனால்தான் கேம் ஸ்ப்ராக்கெட்டில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டைப் போல இரண்டு மடங்கு பல் இருக்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது. இந்த வேகத்தில் வால்வோடு சேர்ந்து அசையும் எடை கூடினால், ஸ்பிரிங்கால் வால்வைக் கேமின் வளைவோடு ஒட்டி வைத்திருக்க முடியாது. டிஓஎச்சியில் பெரும்பாலும் கேமின் மூக்கு, வால்வின் தலையில் கவிழ்ந்திருக்கும் கிண்ணம் போன்ற பக்கெட் டேப்பெட்டை நேராக அழுத்துகிறது. நடுவில் நீளமான ராக்கர் ஆர்ம் இல்லை, எடை குறைவு. இன்டேக் வால்வுகள் ஒரு பக்கமும் எக்ஸாஸ்ட் வால்வுகள் மறு பக்கமும் சாய்ந்து நிற்பதால் ஸ்பார்க் பிளக்கை நட்ட நடுவில் வைக்க முடிகிறது. இன்டேக் கேமை மட்டும் தனியாக முன்னும் பின்னும் திருப்பி வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி வசதியும் கேம்கள் பிரிந்திருப்பதால்தான் எளிதாகிறது.

கேமின் முதுகுக்கும் டேப்பெட்டுக்கும் நடுவே விடும் மெல்லிய இடைவெளிதான் கிளியரன்ஸ். சூட்டில் வால்வு நீளும். அந்த நீட்சிக்கு இடம் வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாவதால் அதற்கு இடைவெளியும் அதிகம். பல எஞ்சின்களில் இன்டேக் 0.15 முதல் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.25 முதல் 0.35 மி.மீ. என்ற அளவில் இருக்கும். உங்கள் எஞ்சினுக்கு சர்வீஸ் மேனுவல் சொல்வதே இறுதி. ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் இருந்தால் இந்த வேலையே கிடையாது.

டேப்பெட் தட்டினால் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் அதிகம் பயப்பட வேண்டியது சத்தமே இல்லாமல் குறைந்துபோகும் இடைவெளிக்குத்தான். வால்வு தன் சீட்டில் அடித்து அடித்து உள்ளே இறங்கும்போது அதன் தண்டு மேலே ஏறுகிறது, இடைவெளி சுருங்குகிறது. மூடியிருக்கும் நேரத்தில்தான் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை சீட்டுக்குக் கடத்தும். முழுதாக மூடாவிட்டால் சூடு போக வழியில்லை. விளிம்பு கருகி கம்ப்ரஷன் போய்விடும். கேஸில் ஓடும் எஞ்சின்களில் இந்தத் தேய்மானம் இன்னும் சீக்கிரம் வரும்.

அளப்பது

எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும்; இரவு நிறுத்தி காலையில் பார்ப்பது நல்லது. பேட்டரி நெகட்டிவ், இக்னிஷன் காயில்கள், ஸ்பார்க் பிளக்குகள், வால்வு கவர் என்று வரிசையாகக் கழற்றுங்கள். பிளக்கை எடுப்பதற்கு முன் குழியில் காற்றடித்து மண்ணை வெளியேற்றாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும்.

எஞ்சினைக் கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, அது ஓடும் திசையில் மட்டும் திருப்புங்கள். கேம் போல்ட்டைப் பிடித்துத் திருப்பாதீர்கள். பின்பக்கம் திருப்பினால் கேமை ஓட்டும் டைமிங் செயின் தளர்ந்து பல் தாவ வாய்ப்பு உண்டு.

பற்றவைப்பு வரிசை 1-3-4-2 என்று இருக்கும் நான்கு சிலிண்டர் எஞ்சினில், முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் டிடிசிக்கு (வால்வுகள் மூடி, பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) கொண்டு வந்தால் 1, 2-இன் இன்டேக் வால்வுகளையும் 1, 3-இன் எக்ஸாஸ்ட் வால்வுகளையும் அளக்கலாம். கிராங்க்கை ஒரு முழுச் சுற்று திருப்பினால் 3, 4-இன் இன்டேக்கும் 2, 4-இன் எக்ஸாஸ்டும் கிடைக்கும். சந்தேகம் வந்தால் கேமின் மூக்கைப் பாருங்கள்: அது பக்கெட்டுக்கு எதிர்ப்பக்கம் நீட்டியிருந்தால் அளவு சரியாக வரும்.

ஃபீலர் கேஜின் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகளின் தொகுப்பு) தகடு லேசான இழுவையோடு போய்வர வேண்டும். கை பழகாதவர்கள் இரண்டு தகடுகளை வைத்துக்கொள்ளலாம்: 0.20 நுழைந்து 0.23 நுழையவில்லை என்றால் அளவு அந்த இரண்டுக்கும் நடுவில். பதினாறு வால்வின் அளவையும் எழுதி வையுங்கள், நினைவில் வைக்க முயலாதீர்கள்.

ஷிம் கணக்கு

ஷிம் என்பது பக்கெட்டோடு வைக்கும் சிறிய வட்டத் தகடு; அதன் தடிமனை மாற்றித்தான் இடைவெளியைச் சரிசெய்கிறோம். புதிய ஷிம்மின் தடிமன் = பழைய ஷிம் + அளந்த இடைவெளி − வேண்டிய இடைவெளி.

பழைய ஷிம் 2.70, அளந்தது 0.12, வேண்டியது 0.20 என்றால் விடை 2.62. ஷிம்கள் 0.05 மி.மீ. படிகளில் கிடைத்தால் 2.60 போடலாம், 2.65-உம் போடலாம். 2.60 போடுங்கள். இடைவெளி 0.22 ஆகும், நாளாக நாளாக அது குறையத்தான் போகிறது என்பதால் பெரிய பக்கம் நிற்பதே நல்லது. ஷிம்மில் பொறித்த எண்ணை நம்ப வேண்டாம், தேய்ந்திருக்கும். மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். தனி ஷிம் இல்லாத எஞ்சின்களில் பக்கெட்டையே வேறு தடிமனில் மாற்ற வேண்டும், கணக்கு இதேதான்.

கேமைக் கழற்றி மாட்டுவது

ஷிம் பக்கெட்டுக்கு மேலே இருந்தால் அதற்கான டூல் வைத்து பக்கெட்டை அழுத்தி, கேமைக் கழற்றாமலே மாற்றிவிடலாம். கீழே இருந்தால் கேம் வெளியே வந்தாக வேண்டும். பெரிய தவறுகள் நடக்கும் இடம் இது.

முதலில் டைமிங் மார்க்குகள் ஒன்றுசேரும் நிலையில் எஞ்சினை நிறுத்தி, செயினிலும் ஸ்ப்ராக்கெட்டுகளிலும் பெயின்ட் புள்ளி வையுங்கள். அடுத்து செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பூட்டுங்கள் அல்லது கழற்றுங்கள். பிறகு செயினைக் கம்பியால் மேலே கட்டி வையுங்கள். உள்ளே நழுவி விழுந்தால் முன் கவரைத் திறக்க வேண்டி வரும்.

கேம் கேப் போல்ட்டுகளை இரு ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முழுதாகக் கழற்றினால் வால்வு ஸ்பிரிங்குகள் கேமை ஒரு முனையில் தூக்கும். வார்ப்பிரும்புக் கேம் அப்படியே முறியலாம். கேப்கள் ஹெட்டோடு சேர்த்துத் துளையிடப்பட்டவை, இடம் மாறக் கூடாது. பக்கெட்டும் அப்படித்தான்: எடுத்த துளைக்கே திரும்ப வேண்டும்.

மாட்டும்போது கேமின் மூக்குகளிலும் தாங்கும் இடங்களிலும் எஞ்சின் ஆயில் தடவி, நடுவிலிருந்து ஓரங்களுக்கு, சிறிது சிறிதாக டார்க் ரெஞ்ச்சில் முறுக்குங்கள். இவை சிறிய போல்ட்டுகள், பிடித்திருப்பது அலுமினியம். கைப்பழக்கத்தை நம்பி இறுக்கினால் மரை போய்விடும்.

48 பல் உள்ள கேம் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் தவறினால் கேமில் 7.5 டிகிரி, கிராங்க்கில் 15 டிகிரி பிசகும். ஓடும், ஆனால் இழுவை இருக்காது, ஐடிலிங் தடுமாறும், எச்சரிக்கை விளக்கு எரியும். அதற்கு மேல் தவறினால் பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோதி வளையும். அதனால் டென்ஷனரை விடுவித்த பிறகு, பிளக் போடும் முன், கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்புங்கள். எங்காவது கெட்டியாக முட்டினால் அங்கேயே நிறுத்திவிட்டு மார்க்கை மறுபடி பாருங்கள், அழுத்தித் திருப்பாதீர்கள். சுற்று முடிந்ததும் மார்க்குகள் சேர்ந்தால், எல்லா வால்வையும் இன்னொரு முறை அளந்துவிட்டு கவரை மூடுங்கள்.

கவர் கேஸ்கெட்டோடு பிளக் குழிகளின் சீல்களையும் புதிதாகப் போடுங்கள். முன் கவரும் ஹெட்டும் சேரும் மூலைகளில் கொஞ்சம் சீலன்ட் வேண்டும். பழைய சீலை விட்டுவைத்தால் சில மாதங்களில் பிளக் குழிக்குள் ஆயில் இறங்கி, காயில் கெட்டு, சிலிண்டர் மிஸ் ஆகத் தொடங்கும்.